பால்மரக் காட்டின் கேள்விகள்

தென்கெடாவின் பால்மரக் காடுகளில் மூன்று நான்கு தலைமுறைகளாக உழைத்து வந்த நம்மவர், எந்த வேலையை எப்பொழுது எவ்வாறு செய்யவேண்டும் என்பதை வெகு நுட்பமாக அறிந்திருந்தார்கள். அது ஏன் அவ்வாறு செய்யப்படவேண்டும் என்பதை மட்டும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. உளியை எந்தச் சாய்வில் பிடிப்பது என்பதைக் கங்காணி காட்டினார். எத்தனை மரம் வெட்டவேண்டும் என்பதைக் கிராணி கணக்கிட்டார். எப்பொழுது காய்ச்சல் மருந்து விழுங்கவேண்டும் என்பதைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். காரணம் என்பது துரைமார் பங்களாவிலும் ஆராய்ச்சி நிலையத்து ஆங்கில ஏடுகளிலும் தங்கிவிட, முறை மாத்திரம் லயத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்தது.

ஆயினும் கேள்வி ஒருபொழுதும் அற்றுப்போகவில்லை. மரம் ஏன் விடியற்காலையில் மிகுதியாகப் பால் சுரக்கிறது, இலை ஏன் தை மாசியில் உதிர்கிறது, காய் ஏன் உச்சி வெயிலில் வெடிக்கிறது, உடம்பு அனலாய்க் கொதிக்கும்போதே ஏன் குளிரால் நடுங்குகிறது என்று சுங்கை பட்டாணியிலும் பீடோங்கிலும் பாடாங் செராயிலும் லூனாசிலும் வளர்ந்த பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அக்கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டு அவற்றுக்குரிய காரணங்களை ஆராய்வதும், காரணம் அறிதல் உழைப்பவனுக்கு அலங்காரம் அன்று, ஜீவாதாரமான உரிமை என்று காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

விடியுமுன் ஏன் வெட்டு?

பிரட்டு என்னும் அதிகாலை ஆள்கணக்கு முடிந்ததும், இருள் பிரியுமுன்னரே நெற்றி விளக்கோடு மர நிரைக்குள் நுழைவது பால்வெட்டுத் தொழிலின் நியதி. வெயிலுக்கு முன் வேலையை முடித்துக்கொள்ளும் சௌகரியத்துக்காகவே இந்த ஏற்பாடு என்று பலர் எண்ணுவர். அதுவும் ஒரு காரணமே. ஆனால் முதற்காரணம் மரத்தின் தேகத்துக்குள்ளேயே இருக்கிறது.

பால் என்று நாம் சொல்வது மரத்தின் சாறு அன்று. வேரிலிருந்து இலைக்கு நீரைக் கொண்டுசெல்லும் குழல்கள் கட்டைக்குள் இருக்க, பால் இருப்பதோ பட்டைக்குள், வளையம் வளையமாக அமைந்த நுண்ணிய பாற்குழல்களில். காயத்தை அடைக்கவும் பூச்சி புழுக்களைத் தடுக்கவும் மரத்துக்கு இது உதவுகிறது என்பது தாவர நூலார் கருத்து. இரவெல்லாம் இலைத்துளைகள் மூடியிருக்க, வேர் உறிஞ்சிய நீர் மரம் முழுவதும் நிறைந்து, பாற்குழல்கள் விம்மிப் புடைக்கின்றன. விடியுமுன் அவற்றினுள் நிலவும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 10 மடங்கை எட்டுகிறது. சூரியன் எழுந்து இலைத்துளைகள் திறந்து நீர் ஆவியாகத் தொடங்கியதும், இழந்த நீரை ஈடுசெய்யப் பட்டையிலிருந்தும் நீர் இழுக்கப்படுகிறது, அழுத்தம் தாழ்கிறது, பாலின் ஓட்டமும் குன்றுகிறது. காலம் தாழ்த்தி வெட்டியவன் மங்கில், அதாவது பால் ஏந்தும் கிண்ணத்தில், பால் குறைந்திருப்பது அவன் கையின் குற்றம் அன்று. வெயில் ஏறிவிட்டதன் விளைவு.

வெட்டின் சாய்வுக்கும் இதுபோன்ற காரணம் உண்டு. இடப்பக்கம் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும் ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் வெட்டவேண்டும் என்பது விதி. பாற்குழல்கள் செங்குத்தாக நில்லாமல், கீழ் இடப்புறமிருந்து மேல் வலப்புறமாகச் சிறிது சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. ஆதலால் அதற்கு எதிர்ச்சாய்வில் வெட்டும்பொழுதுதான் மிகுதியான குழல்கள் அறுபடும். பட்டையை ஒரு மில்லிமீட்டரோ அதனினும் சற்று அதிகமோ சீவி எடுக்கும் அந்த உளி, பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள மெல்லிய வளர்திசுவைத் தீண்டிவிடக் கூடாது. தீண்டினால் புதுப்பட்டை சீராக வளராது முடிச்சிட்டுப் போகும். இருளில், நெற்றி விளக்கின் ஒளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த எல்லையைப் பிழையாமல் காத்த கைகளின் கலைக்கு, தேர்ந்த ரணசிகிச்சை நிபுணரின் கலைக்கு அளிக்கும் மதிப்பை நாம் அளிக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

வெட்டிய இடத்தையே மீண்டும் சீவித் திறந்தால் மரம் முன்னிலும் அதிகப் பால் தரும் என்பதைச் சோதனையால் கண்டவர், 1888 முதல் 1911 வரை சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லி. ரப்பரைப் பயிரிடுங்கள் என்று ஓயாது வற்புறுத்தியதனால் காப்பித் தோட்டக்காரர்கள் அவரைப் பித்தர் என்று ஏளனம் செய்தனர். அவர் நூறாண்டு வாழ்ந்து, 1956இல் மறையுமுன், தம் சொல் உலக வாணிபத்தையே மாற்றியதைக் கண்ணாரக் கண்டார்.

மங்கில் விழுந்த பால் சில மணி நேரத்தில் தானே உறைவது ஏன், பால் ஸ்டோரில் திராவகம் ஊற்றியதும் உடனே உறைவது ஏன் என்பதும் பிள்ளைகளின் பழைய கேள்வி. ரப்பரின் நுண்துகள்கள் புரதமும் கொழுப்பும் போர்த்து, எதிர்மின்னூட்டம் கொண்டு, ஒன்றையொன்று விலக்கியவாறு பாலில் மிதக்கின்றன. அமிலம் சேர்ந்ததும் அம்மின்னூட்டம் அழிகிறது; விலகி நின்ற துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. நாம் ஊற்றாவிட்டாலும், காற்றிலும் மங்கிலும் உள்ள கிருமிகள் பெருகி அமிலத்தை உண்டாக்கிவிடுவதால் பால் கட்டிப்பாலாகிறது. அமோனியா அந்த அமிலத்தை முறிப்பதால் பால் பாலாகவே நிலைக்கிறது. உறைவிக்கும் பார்மிக் அமிலத்தை 1671இல் ஆங்கிலேயரான ஜான் ரே எறும்புகளை வடித்துப் பிரித்தெடுத்தார். தோட்டத்தில் எறும்பு கடித்த இடம் எரிவதற்குக் காரணமான பொருள்களுள் ஒன்றே ஸ்டோரில் பாலை உறைய வைக்கிறது என்று அறியும் பிள்ளைக்கு, இயற்கையின் இரண்டு தனிச் செய்திகள் ஒன்றாகிவிடுகின்றன.

உதிரும் இலை, வெடிக்கும் காய்

ஆண்டு முழுவதும் பசுமை மாறாத நாட்டில், ஜனவரி பிப்ரவரி மாதங்களில் பால்மரக் காடு மாத்திரம் செம்மையும் மஞ்சளுமாகி, சருகு கொட்டி, வெறுங்கிளையாய் நிற்பது புதிதாகக் காண்பவர்க்கு வியப்பூட்டும். வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையின் பெரும்பகுதியைக் கிளந்தானும் திரங்கானுவும் பெற்றுக்கொள்ள, தீத்திவங்சா மலைத்தொடரின் மறைவிலிருக்கும் கெடாவும் பெர்லிசும் அம்மாதங்களில் வறண்டு கிடக்கின்றன. அமேசான் காட்டைத் தாயகமாகக் கொண்ட இம்மரம், வறட்சியில் நீரை இழக்கும் வாயில்களாகிய இலைகளையே துறந்துவிடுகிறது. பச்சையம் சிதைந்து அதன் சத்து கிளைக்குத் திரும்பியதும், அதுவரை பச்சையால் மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளிப்படுகிறது. செந்நிறமோ அப்பொழுது புதிதாக உண்டாவது. காம்பின் அடியில் மெல்லிய உயிரணு அடுக்கு ஒன்று தளர்ந்து பிரிய, இலை வீழ்கிறது. புதுத்தளிர் விடும் வாரங்களில் மரத்தின் உணவெல்லாம் தளிருக்கே போவதால் பால் குறைகிறது; அதனால் வெட்டுக்கூலி குறைந்து அடுப்பங்கரையில் நெருக்கடி ஏற்பட்டதைத் தாய்மார்கள் நன்கறிவார்கள். மரத்தின் உயிரியல் குடும்பத்தின் வரவுசெலவை நிர்ணயித்த காலம் அது.

தளிரோடு வந்த பூ காயாகி முற்ற ஐந்தாறு மாதங்கள் செல்லும். மூன்று அறையுள்ள அக்காய், வெயில் ஏறிய உலர்ந்த நண்பகலில் படீரென்று வெடித்து, புள்ளியிட்ட விதைகளைப் பதினைந்து மீட்டருக்கு அப்பாலும் வீசுகிறது. காயின் ஓட்டிலுள்ள நார்கள் வெவ்வேறு திசையில் படிந்திருப்பதால் உலரும்பொழுது வெவ்வேறு அளவில் சுருங்குகின்றன. அந்த இழுவிசை மெல்ல மெல்லச் சேர்ந்து, ஓடு தாங்கமாட்டாத கணத்தில் ஒரே மூச்சில் வெளிப்படுகிறது. தாய்மரத்தின் நிழலிலிருந்து தூரமாய்ப் போனாலன்றிக் கன்று பிழைக்காது. அதற்காகவே இந்த ஆயத்தம்.

விதை தொலைவு சென்றாலும் நெடுநாள் தாங்காது. சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தியை இழந்துவிடும். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த 70,000 விதைகளில் முளைத்தவை சுமார் 2,700தான். அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். மலாயாவின் பெருந்தோட்டங்கள் யாவும் இத்தகைய மெலிந்த தொடக்கத்திலிருந்து எழுந்தன; அத்தோட்டங்களுக்காகத்தான் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாய் மக்கள் கப்பலேறினார்கள்.

காயாத வியர்வையும் சுருங்கும் விரலும்

கெடாவின் வெயில் தமிழ்நாட்டு வெயிலைவிடக் கடுமையானதன்று. ஆயினும் சரீரம் இங்கே அதிகமாய்த் தவிப்பது ஏன்? வியர்ப்பதனால் உடம்பு குளிர்வதில்லை; வியர்வை ஆவியாவதனால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்பொழுது சுமார் 580 கிலோகலோரி உஷ்ணத்தை உடம்பிலிருந்து எடுத்துச் செல்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால், மழைக்காலத்துக் கொடியில் போட்ட துணியைப்போல், வியர்வை காயாமலே நின்றுவிடுகிறது. நீரும் உப்பும் உடம்பை விட்டுப் போகின்றன, உஷ்ணமோ போகவில்லை. ஆதலின் நிரையில் உழைப்பவர்க்குத் தாகம் தோன்றுமுன்பே நீரும், சிறிது உப்பும், நிழலும் அவசியம் என்பது சலுகை அன்று, சரீர சாஸ்திரம்.

இதே ஈரக்காற்றுதான் 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய் மலையின் சரிவில் ஏறி, உயர உயர விரிந்து குளிர்ந்து, முகிலாகிச் சிகரத்தைப் போர்த்துகிறது. கடற்பயணிகளுக்கு அடையாளமாய் நின்ற அம்மலையை நோக்கியே பண்டைய வணிகர்கள் மெர்போக் ஆற்று முகத்துவாரத்தை அடைந்தார்கள்; 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை வென்ற கடாரம் இந்நிலமே என்பது வரலாற்றாசிரியர் பலர் முடிபு.

வியர்வையைப் போலவே தோலும் ஒரு புதிர் வைத்திருக்கிறது. முடா சமவெளியின் வயல்நீரில் நாற்று நடுபவர்க்கும், மங்கும் வாளியும் கழுவுபவர்க்கும், விரல் நுனிகள் சுருங்கிப்போவது எதனால்? தோல் நீரை உறிஞ்சி உப்புவதால் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஆனால் நரம்பு அறுபட்ட விரல் எவ்வளவு நேரம் நீரில் இருந்தாலும் சுருங்குவதில்லை என்பதை 1936இல் லூயிஸ், பிக்கரிங் என்னும் இரு மருத்துவர்கள் எழுதிவைத்தனர். நீரை உணர்ந்த நரம்பு, விரல்நுனி இரத்தக்குழாய்களைச் சுருக்கச் செய்கிறது. உள்ளே கனம் குறைய, மேல்தோல் மடிகிறது. இது உடம்பு தானாகச் செய்யும் வினை. ஈரப்பொருளைப் பற்றிப்பிடிக்க அம்மடிப்புகள் உதவுகின்றன என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. அடுத்த ஆண்டே இன்னோர் ஆய்வு அதனை உறுதிப்படுத்த இயலவில்லை என்றது. வழக்கு இன்னும் தீரவில்லை. விஞ்ஞானம் என்பது முடிந்துபோன உண்மைகளின் பட்டியல் என்று எண்ணும் மாணவனுக்கு, தன் விரல் நுனியிலேயே தீராத வினா ஒன்று இருப்பது நல்ல பாடம்.

செம்மண்ணும் செங்குருதியும்

பால்மரக் காட்டுச் சாலைகளின் மண் ஏன் சிவந்திருக்கிறது? வெப்பமும் பெருமழையும் யுகயுகமாய்ப் பாறையைச் சிதைத்து, கரையக்கூடிய சத்துகளைக் கழுவிப் போக்கிவிட, கரையாத இரும்பும் அலுமினியமும் ஆக்சைடுகளாய் மிஞ்சுகின்றன. அந்த இரும்பின் துருவே மண்ணின் செம்மை. இவ்வகைப் படிவத்தை மலையாளக் கரையில் கண்டு 1807இல் நூலில் விவரித்தவர் பிரான்சிஸ் புக்கானன். அரபிக்கடலோரத்து மண்ணும் கடாரத்து மண்ணும் ஒரே விதிக்கு உட்பட்டவை. பீடோங்கை அடுத்த சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழ்வில் பண்டைய இரும்புருக்கு உலைகளின் எச்சங்களும் ஊதுகுழல்களும் ஏராளமாய்க் கிடைத்ததை அறிந்தால், காலடி மண்ணின் நிறத்துக்கும் நாட்டின் பழம்பெருமைக்கும் உள்ள உறவு விளங்கும்.

நம் குருதி சிவந்திருப்பதும் இரும்பினாலேயே. வளர்ந்த மனிதரின் உடம்பு முழுவதிலும் மூன்று நான்கு கிராம் இரும்பே உண்டு. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களில் தங்கி, மூச்சில் வந்த பிராணவாயுவைச் சுமக்கிறது. அந்தச் சிறு செல்வத்தைக் களவாடிய உயிர் ஒன்று தோட்டங்களில் வாழ்ந்தது, அதுவே கொக்கிப்புழு. கழிப்பிடம் இல்லாத காலத்தில் மண்ணில் விழுந்த முட்டைகள் ஈர நிழலில் பொரிந்து, இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகுந்து, குருதி வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்ந்தன. தோல் வழியாகவே புழு நுழையும் என்பதை 1898இல் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் தற்செயலாகக் கண்டார். புழுக்கள் நிறைந்த நீர்த்துளி அவர் கையில் சிந்தியது, கை நமைத்தது, சில வாரங்களில் அவர் மலத்திலேயே முட்டைகள் தோன்றின.

ஒரு புழு ஒரு நாளில் உண்ணும் இரத்தம் சில துளிகளுக்கு மேற்படாது; நூற்றுக்கணக்கில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உண்ணும்பொழுதோ உடம்பு வெளிறி, மூச்சு வாங்கி, கை ஓய்ந்துபோகிறது. அந்த ஓய்வைச் சோம்பல் என்று பெயரிட்டு ஏசியவர்கள் பலர். இரத்தத்தில் இரும்பில்லாதவனைச் சோம்பேறி என்பது அறியாமையால் விளைந்த அநீதி. அதைத் துடைத்தவை கழிப்பிடமும் காலணியும் மருந்துமே அன்றிக் கண்டிப்பு அன்று.

கொதிக்கும் உடம்பு ஏன் குளிர்கிறது?

தோட்ட வாழ்வின் நினைவுகளில் மிகத் துயரமானது காய்ச்சல். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் பல் கிட்டி நடுங்கும் மனிதரைத் தொட்டால் அனலாய்ச் சுடும். இந்த முரண்பாடு எப்படி நேர்கிறது? மூளையின் அடியில் உடல் வெப்பத்தை நிலைநிறுத்தும் ஒரு மையம் உண்டு. நோய்க்கிருமி வெளிப்படுத்தும் பொருள்களும், அவற்றுக்கு எதிராக உடம்பு சுரக்கும் பொருள்களும் சேர்ந்து, அம்மையம் கொண்டுள்ள இலக்கை உயர்த்திவிடுகின்றன. புதிய இலக்கோடு ஒப்பிட, இருக்கும் வெப்பம் குறைவாகத் தோன்றுவதால் உடம்பு குளிரை உணர்கிறது. தசைகளை நடுக்கி வெப்பம் உண்டாக்குகிறது. தோலின் இரத்தக்குழாய்களைச் சுருக்கி வெப்பத்தைக் காக்கிறது. இலக்கு மீண்டும் தாழும்பொழுது வியர்வை பெருகிக் காய்ச்சல் இறங்குகிறது.

மலேரியாவின் காய்ச்சல் முறைவைத்து வருவதற்கும் காரணம் தெளிவு. சிவப்பணுவுக்குள் புகுந்த ஒட்டுயிர்கள் ஒரே காலத்தில் பெருகி ஒரே காலத்தில் அணுக்களை உடைத்து வெளிவருகின்றன. ஒருவகைக்கு 48 மணி, இன்னொரு வகைக்கு 72 மணி. அவ்வெடிப்பும் காய்ச்சலும் ஒருங்கு நிகழ்வதை 1880களில் இத்தாலிய அறிஞர் கோல்ஜி நிறுவினார். இவ்வுயிர் கொசுவின் வயிற்றில் வளர்வதை 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டார்.

இக்கண்டுபிடிப்பை மலாயாவில் முதன்முதல் பெருமளவில் பயன்படுத்தியவர், 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன். கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டிச் சதுப்பை வடித்ததும், நிழல்நீரில் வாழும் கொசுவினம் அழிந்து, காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. இவ்வெற்றியைக் கண்டு மலைச்சரிவுத் தோட்டங்களிலும் அதையே செய்தார்கள். அங்கோ காய்ச்சல் குறையவில்லை, காடு வெட்ட வெட்டப் பெருகிற்று. ஏனெனில் மலையில் நோய் பரப்பிய கொசு வேறு இனம். அது வெயில் படும் தெளிந்த ஊற்றோடைகளையே நாடி முட்டையிடுவது. நிழல்தரும் காட்டை அகற்றியதன் மூலம், மனிதரே அதற்கு வீடு அமைத்துக் கொடுத்துவிட்டார்கள். சமவெளியில் உயிர்காத்த அதே செயல் மலையில் உயிர்குடித்தது. வாட்சன் இரண்டு இனங்களின் சுபாவத்தையும் பிரித்தறிந்து, மலை ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் மறைத்தும், நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளித்தும் வழிகண்டார். எண்ணெய்ப் படலத்தின் கீழ் கொசுப்புழு மேலெழுந்து மூச்சுவிட முடியாமல் மடிகிறது. 1909ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குட்பட்ட கெடாவில் தோட்டங்கள் பெருகியபொழுது, அதன் மலையடிவாரங்களுக்கும் இப்பாடம் பொருந்துவதாயிற்று.

முறையை மட்டும் அறிந்து காரணத்தை அறியாதிருத்தல் எத்துணைக் கொடியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. காட்டை வெட்டியவர்கள் கெட்ட எண்ணத்தால் வெட்டவில்லை. ஓரிடத்தில் பலித்த முறையை, அது ஏன் பலித்தது என்று வினவாமல், வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த வினவாமையின் விலையை லயத்து மக்கள் தம் உயிரால் செலுத்தினார்கள்.

இன்று, 2018 முதல், மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டும் பரவும் மலேரியா வகைகள் உள்நாட்டில் தோன்றவில்லை என மலேசியா அறிவித்து வருகிறது. ஆனால் காட்டுக் குரங்குகளிடமிருந்து கொசு வழியே மனிதரை அடையும் ஐந்தாவது வகை, 24 மணிக்கு ஒருமுறை பெருகுவது, இன்னும் இருக்கிறது. 1965இல் தீபகற்பத்தில், இயற்கையாகத் தொற்றிய நிலையில் மனிதரிடம் முதன்முதல் கண்டறியப்பட்ட இதனைச் சரவாக்கில் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ் சிங்கும் 2004இல் பரவலாக இருப்பதாக நிரூபித்தார்கள். காடும் தோட்டமும் அடுத்தடுத்திருக்கும் மாநிலத்தவர்க்கு இது அறியவேண்டிய செய்தி.

காரணத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்

பால்மரங்கள் பல இடங்களில் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்துவிட்டன. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவின் தொழிற்சாலைகளில், உளி பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் மின்னணுக் கருவிகளை இயக்குகிறார்கள். ஜெராய் அடிவாரத்தில் செமிலிங்கில் நிற்கும் ஏம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயில்கிறார்கள். வேலை மாறிவிட்டது, ஆனால் முறையை மட்டும் கற்றுக் காரணத்தை விட்டுவிடும் அபாயம் மாறவில்லை. எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதோடு நின்றுவிடும் கல்வி, எந்தச் சாய்வில் வெட்டுவது என்பதோடு நின்றுவிட்ட கல்வியின் மறுபிறவியே.

இந்நிலையை மாற்றுவதற்கு வேண்டிய சோதனைச்சாலை தொலைவில் இல்லை. அருகருகே நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்றை விடியலிலும் ஒன்றை நண்பகலிலும் வெட்டி, பின் மரங்களை மாற்றி வெட்டி, மங்குகளை எடைபோட்டுப் பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் அமோனியாவும் மற்றதில் பார்மிக் அமிலமும் ஆசிரியர் முன்னிலையில் சில துளி சேர்த்து, பாலின் கதியைக் குறித்துக்கொள்ளலாம். வெப்பமானியின் முனையில் ஈரத்துணி சுற்றி, மழைநாளிலும் வெயில்நாளிலும் எத்தனை பாகை இறங்குகிறது என்று ஆண்டு முழுவதும் எழுதிவைக்கலாம். கெடாவின் தமிழ்ப்பள்ளி எதற்கும் இவை எட்டாத செலவல்ல. பெ. நா. அப்புஸ்வாமி போன்றோர் பல பத்தாண்டுகள் உழைத்து நிறுவிக் காட்டியபடி, எத்துணை நுண்ணிய விஞ்ஞானத்தையும் தமிழில் தெளிவாகச் சொல்லலாம். சொல்லத் துணியாமையே குறை.

கேட்கும் பிள்ளையை, அப்படித்தான், பேசாமல் இரு என்று அடக்குவது, காய்ச்சலுக்குக் காரணம் கேளாமல் காட்டை வெட்டிய பிழையைச் சிறிய அளவில் மீண்டும் செய்வதாகும். முறையை அறிந்தவன் ஏவிய வேலையைச் செய்வான். காரணத்தை அறிந்தவனோ, இடமும் காலமும் மாறும்பொழுது முறையையே மாற்றத் துணிவான். நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டது அந்தத் துணிவுக்குரிய அறிவு. அதனை நம் பிள்ளைகளுக்கு முழுமையாக, அவர்கள் மொழியிலேயே, அவர்கள் நிற்கும் மண்ணிலிருந்தே எடுத்துக் கொடுப்பது நம் தலைமுறையின் கடன்.